கட்டுமானத் திட்ட மேலாளர்: வேலை, வளர்ச்சி, ஆட்களை நடத்தும் முறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து சைட்டில் நிற்பவர்களும், புதிதாக பி.எம். (திட்ட மேலாளர்) பொறுப்பு ஏற்றவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு அடுக்குமாடி, அலுவலகக் கட்டட வேலைகளிலிருந்து. பாலம், மெட்ரோ, சாலை வேலைகளில் அளவுகள் மாறும். ஆட்களை நடத்தும் முறை அதிகம் மாறாது.

சைட் இன்ஜினியருக்கும் பி.எம்.முக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

சைட் இன்ஜினியர் இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வேலையைப் பார்க்கிறார். பி.எம். பார்க்க வேண்டியது மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை. கொத்தனாருக்கு வேலை தெரியாமல் சைட் நிற்பது அபூர்வம். வரைபடம் வரவில்லை, கிளையன்ட் டைல்ஸ் தேர்வு செய்யவில்லை, பில் பாஸாகவில்லை, மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார் என்று இந்த நான்கில் ஒன்றால்தான் பெரும்பாலும் நிற்கிறது. நான்குமே சைட் வேலிக்குள் தீராதவை. அவற்றைத் தீர்க்கத்தான் பி.எம்.

இன்னொன்று தகவல். சைட்டில் நடப்பதில் பத்தில் ஒன்றைத்தான் பி.எம். நேரில் பார்ப்பார். மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் அவர் காதுக்கு வருகிறது என்பதை வைத்தே ஒரு பி.எம்.மை எடைபோடலாம் என்பது எங்கள் எண்ணம். கீழே பல பதில்களில் இது மறுபடி தலைகாட்டும்.

பி.எம். ஆக எத்தனை வருடம் ஆகும்? டிப்ளமோ போதுமா?

வழக்கமான பாதை: டிரெய்னி, சைட் இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர், ஒரு பிளாக்குக்கோ பகுதிக்கோ பொறுப்பு, துணை பி.எம்., பிறகு பி.எம். பி.இ. முடித்தவருக்கு 10 முதல் 15 வருடம் ஆவது சகஜம். சிறிய பில்டரிடம் ஏழெட்டு வருடத்திலேயே விசிட்டிங் கார்டில் 'பி.எம்.' என்று அச்சடித்துத் தருவார்கள். அங்கே வாங்கும் அதிகாரம், பில் பார்க்கும் அதிகாரம், ஆள் எடுக்கும் அதிகாரம் மூன்றும் முதலாளியிடமே இருந்தால், அது மூத்த சைட் இன்ஜினியர் வேலைதான். அடுத்த நிறுவனத்தின் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

டிப்ளமோகாரர்கள் நல்ல பி.எம். ஆகியிருக்கிறார்கள். ஆனால் பெரிய நிறுவனங்களிலும் அரசு டெண்டர்களிலும் பி.எம். பதவிக்குப் பட்டம் கேட்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.இ. முடிப்பதானால் 30 வயதுக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பொறுப்பும் குடும்பமும் சேர்ந்து நேரத்தைத் தின்றுவிடும்.

சைட்டிலேயே இருப்பதா, பிளானிங் அல்லது பில்லிங் பக்கம் போவதா?

இரண்டும் வேண்டும். முதல் நான்கைந்து வருடம் சைட். அஸ்திவாரம் முதல் பூச்சு, ஃபினிஷிங் வரை ஒரு கட்டடத்தையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பிறகு குறைந்தது ஒரு வருடம் பில்லிங்கிலோ பிளானிங்கிலோ உட்காருங்கள். ஆர்.ஏ. பில் (நடந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்) போடத் தெரியாமல் பி.எம். ஆனவர், தன் சைட் லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்பதை வருடக் கடைசியில் கணக்குப் பிரிவு சொல்லித்தான் தெரிந்துகொள்வார். கட்டமைப்பு வேலை மட்டுமே செய்தவர்களுக்கு வேறொரு ஓட்டை: பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், தீயணைப்பு, லிஃப்ட் பற்றிய அறிவு. கட்டடத்தின் கடைசி ஆறு மாதம் முழுக்க அவற்றோடுதான்.

பி.எம்.பி. சான்றிதழ் எடுத்தால் பலன் உண்டா?

இது திட்ட மேலாண்மைக்கான பன்னாட்டுச் சான்றிதழ். பன்னாட்டு நிறுவனம், ஆலோசனை நிறுவனம், வளைகுடா என்று குறி இருந்தால் உண்டு. நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும், டிப்ளமோ உள்ளவருக்கு 60 மாதமும், இருவருக்கும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். அதற்கு முன்பு அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேரா அல்லது எம்.எஸ். பிராஜெக்ட் கைவசம் இருக்கட்டும். மென்பொருள் தெரிவது வேறு, வேலைகளை எந்த வரிசையில் கோப்பது என்று தெரிவது வேறு. பின்னது சைட்டில் நின்றால்தான் வரும்.

புதிய சைட்டைப் பொறுப்பேற்றால் முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். பலர் தொகையையும் முடிக்கும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். பில் எத்தனை நாளில் வரும், ரிடென்ஷன் (பில்லில் பிடித்துவைக்கும் தொகை) எவ்வளவு, விலை உயர்வுக்கு ஈடு உண்டா, கூடுதல் வேலைக்கு யார் கையெழுத்து செல்லும், தாமத அபராதத்தின் உச்சவரம்பு என்ன என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவுச் சரிபார்ப்பு. பி.ஓ.க்யூ.வில் (ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலில்) உள்ள கான்கிரீட், கம்பி, கட்டுவேலை அளவுகளை வரைபடத்திலிருந்து நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெண்டர் வரைபடமும் கட்டுமான வரைபடமும் ஒன்றாக இருப்பது குறைவு. வித்தியாசத்தை முதல் மாதத்திலேயே கடிதமாகக் கொடுத்தால் பேசலாம். பத்தாவது மாதம் கொடுத்தால் சண்டை.

பிறகு, வர நாளாகும் பொருட்களின் பட்டியல்: லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப், அலுமினிய ஜன்னல். இவற்றில் லிஃப்ட் தனி ரகம். லிஃப்ட் நிறுவி முடிப்பது கடைசிக் கட்ட வேலை, ஆனால் அதன் குழி ஆழமும் ஷாஃப்ட் அளவும் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். இரண்டும் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். "லிஃப்ட் யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் போடும் அஸ்திவாரக் கான்கிரீட் தளம்) போட்ட சைட்டுகளில், பின்னால் 200 மி.மீ. ஆழம் போதாமல் ராஃப்ட்டை உடைக்கலாமா, விலை கூடிய மாடலை வாங்கலாமா என்று முழிப்பதைப் பார்க்கலாம்.

அட்டவணை போடும்போது தமிழ்நாட்டில் எதை மறக்கக் கூடாது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை, கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) உள்ள கட்டடமானால், செப்டம்பருக்குள் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிடும்படி தொடக்கத் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் இறைக்கும் செலவு, டீசல் ஜெனரேட்டர், கரைச் சரிவு எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். மேலே போதுமான எடை ஏறுமுன் பம்பை நிறுத்தினால், நிலத்தடி நீரின் மேலழுத்தத்தில் ராஃப்ட் தூக்கிக்கொள்ளவும் கூடும். எந்த மாடி முடிந்த பிறகு பம்பை நிறுத்தலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஆட்கள் ஊருக்குப் போகும் காலம் அடுத்தது. பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் ஒரு வாரம் இருக்கமாட்டார்கள். தீபாவளியை ஒட்டிய சத் பூஜைக்கு பீகார் ஆட்களும், துர்கா பூஜைக்கு வங்காள ஆட்களும் போவார்கள். ஹோலிக்கும் தேர்தலுக்கும் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறுவார்கள். போனவர்களில் எல்லாரும் திரும்பி வருவதில்லை. தளம் போடும் தேதியை இந்த வாரங்களில் வைப்பது காகிதத்துக்கு மட்டும் அழகு.

குடியிருப்புத் திட்டமானால் பஞ்சாங்கமும் அட்டவணைக்குள் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுமனை புகுவதில்லை. ஆகவே வைகாசி, ஆவணி, தை மாதங்களுக்கு முன்னால் சாவி கேட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். பெயின்டர், டைல்ஸ், கிளீனிங் ஆட்களை அதற்கு ஏற்ப முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வாராந்திரக் கூட்டம் வெறும் திட்டு வாங்கும் கூட்டமாகிவிடுகிறது. எப்படி மாற்றுவது?

கேள்வியை மாற்றுங்கள். "முடிஞ்சுதா?" என்று கேட்டால் "ஆயிடும் சார்" என்றுதான் பதில் வரும். கட்டுமானத் துறையில் இந்த இரண்டு வார்த்தை மறைத்த தாமதம் கொஞ்சநஞ்சமில்லை. "அடுத்த வாரம் இதை ஆரம்பிக்க என்ன தடை?" என்று கேளுங்கள். வரைபடமா, பொருளா, ஆளா, முந்தைய வேலையா, அனுமதியா, கருவியா? ஒவ்வொரு தடைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி.

'லாஸ்ட் பிளானர்' என்று சொல்லப்படும் முறையின் உயிர் இதுதான். ஆறு வார முன்னோட்டத்தில் தடைகளை நீக்குவது, தடையில்லாத வேலையை மட்டும் அடுத்த வாரத்துக்கு ஒப்புக்கொள்வது, வாரக் கடைசியில் ஒப்புக்கொண்டதில் எத்தனை முடிந்தது என்று எண்ணுவது. 20 வேலை ஒப்புக்கொண்டு 12 முடிந்தால் 60 சதவீதம். எண்ணைவிட, முடியாத எட்டுக்கும் எழுதிய காரணம் முக்கியம். இரண்டு மாதக் காரணங்களை வரிசைப்படுத்தினால் சைட்டின் நோய் தெரியும். பெரும்பாலும் அது ஆள் பற்றாக்குறையாக இருக்காது. தாமதமாக வந்த முடிவுகளாக இருக்கும், அவற்றில் சில பி.எம்.முடையதாகவும் இருக்கும். இந்தக் கூட்டத்தில் மேஸ்திரிகளும் உட்கார வேண்டும். வேலை செய்பவர் ஒப்புக்கொள்ளாத தேதி தேதியே அல்ல. 45 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

தளக் கான்கிரீட் நாளில் பி.எம். எதைப் பார்க்க வேண்டும்?

அன்றைக்குப் பார்ப்பதைவிட அதற்கு முந்தைய இரண்டு நாளில் பார்ப்பதுதான் அதிகம். ஓர் உதாரணக் கணக்கு. 6,000 சதுர அடித் தளம், 150 மி.மீ. கனம்: தளம் மட்டும் ஏறக்குறைய 84 கன மீட்டர். பீம்களோடு 120 என்று வையுங்கள். ஆறு கன மீட்டர் லாரியில் 20 நடை. பம்ப் காகிதத்தில் மணிக்கு 30 கன மீட்டருக்கு மேல் தள்ளும். குழாய் மாற்றுவது, ஆள் களைப்பது எல்லாம் போக 20 கிடைத்தால் நல்லது. அதாவது 18 நிமிடத்துக்கு ஒரு லாரி. கான்கிரீட் கலக்கும் பிளான்ட் 40 நிமிடத் தொலைவில் இருந்தால், ஏற்ற 15, வர 40, இறக்க 20, திரும்ப 40 என ஒரு சுற்றுக்கு 115 நிமிடம். ஆக, ஏழு லாரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிளான்ட்காரர் நான்குதான் தருவேன் என்றால் ஆறு மணி நேர வேலை ஒன்பதரை மணி நேரமாகும். இடைவெளியில் முதலில் போட்டது இறுகி, புதியது அதோடு ஒட்டாமல் கோல்டு ஜாயின்ட் விழும், பின்னால் அங்கேதான் ஒழுகும். நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தால் இரவு வேலை. விளக்கு, சாப்பாடு, அக்கம்பக்கத்துப் புகார் எல்லாமே திட்டத்தில் வர வேண்டும்.

பம்ப் பழுதானால் எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். இரவு 11 மணிக்கு மேஸ்திரி தேர்வு செய்யும் இடம் சரியாக இருக்காது.

முந்தைய நாள் சோதனையில் அதிகம் தவறுவது இவை: முட்டுகளின் அடியில் பலகை இல்லாமல் நேரே மண்ணில் நிற்பது (மழை பெய்தால் இறங்கும்); கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கட்டை) போதாமல் கம்பி பலகையில் படுத்திருப்பது; கழிப்பறைத் தாழ்தளத்தின் அளவு; எலெக்ட்ரிக்கல் பைப்புகள் ஒரே இடத்தில் கட்டாகக் கடப்பது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது பால்கனி போன்ற தொங்குதளத்தின் மேல் கம்பி. அங்கே இழுவிசை மேலே இருப்பதால் கம்பியும் மேலேதான் இருந்தாக வேண்டும். பம்ப் குழாயை இழுக்கும் ஆட்கள் அதன் மேல் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகள் நெருக்கமாக வேண்டும், நடக்கப் பலகை போட வேண்டும், கான்கிரீட் விழும்போது அந்த இடத்தில் ஓர் இன்ஜினியர் நிற்க வேண்டும்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், தண்ணீர். லாரி தாமதமாகி கலவை இறுகியிருந்தால் டிரைவர் குழாயைத் திறப்பார். 60 லிட்டர் ஊற்றினால் கன மீட்டருக்கு 10 லிட்டர். அதில் 340 கிலோ சிமென்ட் இருந்தால் 0.45 ஆக இருந்த நீர்–சிமென்ட் விகிதம் 0.48 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கியூபில் (வலிமைச் சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டியில்) தெரியும். வாயிலில் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்க்க ஓர் ஆள், பிளான்டில் ஏற்றிய நேரத்தைச் சீட்டில் பார்க்க அதே ஆள். ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும். முடியாத லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்த ஆளிடமே இருக்கட்டும். அவர் உங்களைப் போனில் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 கணக்கில் 50 கன மீட்டர் வரை நான்கு மாதிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று. 120 கன மீட்டருக்கு ஆறு மாதிரி. மாதிரிக்கு மூன்று கியூப் வீதம் 28 நாள் சோதனைக்கு 18. ஏழு நாள் சோதனைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்? மேஸ்திரி ஏழு நாளில் கேட்கிறார்.

சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஐ.எஸ். 456 சொல்வது: பக்கப் பலகைகள் 16 முதல் 24 மணி நேரம், தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை உள்ள பீம் முட்டு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பி.பி.சி. (பொசோலானா கலந்த) சிமென்ட், ஃபிளை ஆஷ் கலந்த கான்கிரீட் மெதுவாக வலுவடையும், கூடுதல் நாள் விட வேண்டும். மேலே அடுத்த தளத்தின் எடை ஏறினால் கீழ்த்தள முட்டும் இருக்க வேண்டும்.

மேஸ்திரி அவசரப்படக் காரணம் உண்டு: அவரிடம் ஒரு செட் பலகைதான் இருக்கிறது, அது வெளியே வந்தால்தான் அவருக்கு அடுத்த காசு. அவரைத் திட்டுவதைவிட ஒப்பந்தம் போடும்போதே இரண்டரை செட் முட்டு வேண்டும் என்று எழுதிவிடுவது மேல்.

தவறுகளை மறைக்கிறார்கள். பூசிய பிறகுதான் தெரிகிறது. என்ன செய்வது?

தூணின் அடியில் தேன்கூடு (கான்கிரீட் நிரம்பாமல் விழும் ஓட்டைகள்) விழுந்தால் என்ன நடக்கும்? ஜூனியர் இன்ஜினியர் பார்ப்பார். போன முறை சொன்னதற்கு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது நினைவுக்கு வரும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பால் பூசச் சொல்வார். பி.எம்.முக்குக் கிடைத்திருக்க வேண்டிய தகவல் அந்தப் பூச்சோடு போயிற்று.

மாற்றுவதற்கு மூன்று வேலை. ஒன்று, பலகை பிரித்ததும் யாரும் தொடுவதற்கு முன் தேதியோடு புகைப்படம், இது விதி. இரண்டு, தானாகச் சொன்னவருக்குத் திட்டு இல்லை, மறைத்தவருக்கு மட்டும் நடவடிக்கை. இதை ஒரே ஒருமுறை மீறினாலும் மறுபடி யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று, தவறுக்குக் காரணத்தைச் சேர்ந்து தேடுவது. தேன்கூடு என்றால் பலகை இடைவெளியில் பால் கசிந்ததா, கம்பி நெருக்கத்தில் 20 மி.மீ. ஜல்லி இறங்கவில்லையா, உயரத்திலிருந்து கொட்டியதில் கலவை பிரிந்ததா, வைப்ரேட்டர் ஊசி அடிவரை போகவில்லையா? காரணம் கிடைத்தால் அடுத்த தூண் சரியாகும். ஆழமான தேன்கூட்டைச் சரிசெய்யும் முறையைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும், கொத்தனார் அல்ல.

மேஸ்திரிகளிடம் கண்டிப்பா, தன்மையா?

இரண்டுக்கும் முன்னால் சனிக்கிழமைச் சம்பளம். சொன்ன நாளில் பணம் தரும் பி.எம். கொஞ்சம் கடுமையாகப் பேசினாலும் ஆட்கள் இருப்பார்கள். இரண்டு வாரம் இழுத்துவிட்டு "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்றால் ஆள் எண்ணிக்கை 30-லிருந்து 12 ஆகும். ஆகவே மேஸ்திரியின் அளவுகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர்ந்து அளந்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். தகராறான அளவை ஒதுக்கிவைத்து, ஒத்துக்கொண்டதற்குப் பணம் கொடுங்கள்.

மேஸ்திரியை அவருடைய ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. அவர் சொல்லுக்கு அங்கே மதிப்புப் போனால் நாளை அவரால் உங்கள் வேலையை வாங்கித் தர முடியாது. அதேபோல சைட் இன்ஜினியரைத் தாண்டி நேரே மேஸ்திரிக்கு உத்தரவு போடுவதும் வேண்டாம். பி.எம். போனதும் இன்ஜினியர் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். வேலையை இடித்துத் திரும்பக் கட்டச் சொல்ல வேண்டி வந்தால், காரணத்தை மட்டக்கோலோ தூக்குக்குண்டோ வைத்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். குண்டு காட்டுவதோடு யாரும் வாதாட முடியாது.

வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம். மொழி தெரியாமல் எப்படி?

காலை டூல்பாக்ஸ் பேச்சை (வேலைக்கு முன் சொல்லும் பாதுகாப்பு அறிவுரையை) தமிழில் மட்டும் நடத்தினால் பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த குழுத் தலைவர்களைக் கொண்டு அவரவர் மொழியில் பத்து நிமிடம் சொல்லவையுங்கள். பிறகு ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளமல்ல. கூலி குழுத் தலைவர் கையோடு நிற்காமல் ஆளுக்கு ஆள் வங்கிக் கணக்கில் போகட்டும். தங்கும் இடத்தில் தண்ணீர், கழிப்பறை, சமையல் இடம், கொசு இவற்றை மாதம் ஒருமுறை பி.எம். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆட்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கும்.

செலவு எங்கே கைமீறுகிறது?

கம்பியில் முதலில். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. கம்பிக்கு 1.58 கிலோ. இது கணக்கு எடை. நீங்கள் வாங்குவது எடைமேடை எடையில், கிளையன்ட் உங்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் கணக்கு எடையில். கம்பிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786 அனுமதிக்கும் எடை வித்தியாசம் 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5, அதற்கும் மேல் 3. கம்பி 3 சதவீதம் கனமாக வந்தால் 200 டன்னில் 6 டன் உங்கள் கையிலிருந்து போகிறது. ஒவ்வொரு லோடிலும் மூன்று துண்டு வெட்டி எடை போட்டு எழுதிவையுங்கள்.

தளக் கனம் அடுத்தது. 150-க்குப் பதில் சராசரி 160 விழுந்தால் மேலே சொன்ன 6,000 சதுர அடியில் 5.6 கன மீட்டர், ஏறக்குறைய ஒரு லாரி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு லாரி.

மொத்தக் கணக்குக்கு மூன்று எண் போதும். 20 கோடி பட்ஜெட்டில், இன்றைக்கு 8 கோடிக்கு வேலை நடந்திருக்க வேண்டும் என்று திட்டம், நடந்திருப்பது 6.8 கோடிக்கு, செலவானது 7.4 கோடி. வேகம் 0.85 (6.8 ÷ 8), செலவுத் திறன் 0.92 (6.8 ÷ 7.4). இதே போக்கில் போனால் முடிவில் செலவு 21.8 கோடிக்கு அருகில் வரும். இந்த எண் நான்காவது மாதத்தில் தெரிந்தால் மாற்ற வழியுண்டு. மேலதிகாரி கோபிப்பார் என்று 'வேலை 8 கோடிக்கு நடந்தது' என எழுதும் பி.எம்., தன் கீழுள்ள ஜூனியர் செய்யும் சிமென்ட் பால் பூச்சையே தானும் செய்கிறார்.

கையிருப்புப் பணமும் கவனிக்க வேண்டியது. கூலி வாராவாரம், பில்லோ மாதம் ஒருமுறை, சரிபார்த்து வர இன்னும் 30 முதல் 45 நாள், அதிலும் ரிடென்ஷன் பிடித்தம். இரண்டரை மாதச் செலவைத் தாங்கும் ஏற்பாடு இல்லாமல் தொடங்கிய சைட், லாபமான சைட்டானாலும் நிற்கும்.

தாமதம் கிளையன்டால். கடிதம் போட்டால் உறவு கெடாதா?

தேதியோடு எழுதாத தாமதம் கடைசியில் உங்கள் தாமதம். தடைப் பதிவேடு ஒன்று வைத்து, எந்த வரைபடம் எப்போது வர வேண்டியது, எப்போது வந்தது, எந்த வேலை எத்தனை நாள் நின்றது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். 1999 ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) ஒப்பந்த விதிகளில், கோரிக்கைக்கான அறிவிப்பை நிகழ்வு தெரிந்த 28 நாளுக்குள் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். கடிதம் போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள்: "சார், ஒப்பந்தப்படி ஒரு கடிதம் அனுப்புறோம், தப்பா எடுத்துக்காதீங்க." கடிதத்தில் குற்றச்சாட்டுச் சொற்கள் வேண்டாம், தேதியும் விளைவும் போதும்.

பாதுகாப்புக்காக வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

எல்லாரிடமும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் முட்டுக்கொடுக்காமல் ஆள் இறங்கினாலோ, லிஃப்ட் ஷாஃப்டில் தடுப்பு இல்லாவிட்டாலோ, உயரத்தில் பெல்ட் மாட்டியும் கொக்கி எங்கும் மாட்டாமல் தொங்கினாலோ ஒரு சித்தாள்கூட "நிறுத்துங்க" என்று சொல்லலாம், அதற்காக அவர் கூலி பிடிக்கப்படாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். தூணில் புதிய விரிசல், தரையில் இறக்கம், கதவுச் சட்டம் கோணுவது போன்றவற்றை யாராவது பார்த்துச் சொன்னால், முதலில் ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் ஆராய்ச்சி.

முன்மாதிரியாகப் படிக்கத் தக்கவர் யார்?

ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் கெடு வைத்தார்கள், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். வேலை 46 நாளில் முடிந்தது. கடலில் விழுந்த கர்டர்களை (பாலத்தின் இரும்பு உத்தரங்களை) தேடி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியது வேகத்துக்குப் பெரிய காரணம். புதிதாகச் செய்ய வைத்திருந்தால் அதற்கே மாதங்கள் போயிருக்கும். பின்னர் கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் அலுவலகங்களில் மீதி நாட்களைக் காட்டும் பின்னோக்கு எண்ணிப் பலகைகளை வைத்தார். பலகை மாட்டுவது சுலபம். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கோப்பு எங்கும் தேங்காமல் முடிவு உடனே கிடைக்கச் செய்த அமைப்பு.

வளைகுடாவுக்குப் போகலாமா?

சவூதியில் பொறியாளர் கவுன்சில் பதிவும், கத்தாரில் பொறியாளர் தேர்வும் வேண்டும். பட்டச் சான்று சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகலாம், முன்பே தொடங்குங்கள். அங்கே கடிதப் போக்குவரத்தும் ஆவணமும் இங்கேவிடக் கடுமை. திரும்பி வந்தால் அந்தப் பழக்கம் உதவும். ஊதியத்தை ஒப்பிடும்போது தங்குமிடம், பயணம், குடும்ப விசா மூன்றையும் கழித்துப் பாருங்கள்.

95 சதவீதம் முடிந்த பிறகு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது?

கடைசி 5 சதவீதத்தில் நூறு சின்ன வேலைகள், ஒவ்வொன்றும் வேறு ஆள். பெரிய மேஸ்திரிகள் லாபத்தை எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ரிடென்ஷனை மொத்தமாகக் கடைசிக்கு வைக்காமல் குறை தீர்த்த மாடிக்கு மாடி விடுவித்தால் அவர்கள் திரும்ப வருவார்கள். ஒரு மாதிரி ஃபிளாட்டை ஆறு மாதம் முன்பே முழுதாக முடித்து, கிளையன்டிடம் கையெழுத்து வாங்கினால் 'இந்தத் தரம்தான் பேச்சு' என்பது முடிவாகிவிடும்.

குறைப் பட்டியலை அறை வாரியாக எடுங்கள், தொழில் வாரியாக வேண்டாம். அறை முடிந்ததும் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள். பூட்டாத அறையில் பெயின்டருக்குப் பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கறையாக்குவார். பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின், குடிநீர் இணைப்பு கிடைக்காது என்பதால் தீயணைப்பு, லிஃப்ட் ஒப்புதல்களை வேலை முடியுமுன்பே தொடங்குங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி ஒப்படைத்த பின்னும் ஐந்து வருடம் கட்டமைப்புக் குறைகளுக்குப் பில்டர் பொறுப்பு. புகார் வந்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் தேவைப்படுவது, எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களும் கட்டியபடி திருத்திய வரைபடங்களும். இரண்டையும் மாடி வாரியாகப் பிரித்து, பராமரிப்புப் பொறுப்பை ஏற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.